ராஜகுமாரிக்கு அம்மா இல்லை

"அம்மா எடத்துல தனபாக்கியம் ஒக்காந்துக்குவா. நீ ஒண்ணும் பேசிக்க வேணாம். சிரிச்ச மொகமா இருந்தா போதும்."

கயல்விழியின் பின்னலில் பூவைச் சுற்றிக்கொண்டே மாமியார் புஷ்பவள்ளி இதைச் சொன்னாள். பந்தியில் யார் சாம்பார் ஊற்றுவது, யார் அப்பளம் போடுவது என்று பிரித்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் கிடையாது.

கயல்விழி கண்ணாடி வழியாக மாமியாரைப் பார்த்தாள். "எங்கம்மா வர்றாங்கல்ல அத்த? அவரு கீரப்பாளையம் போயி, தட்டு வச்சி அழைச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னாரே?"

"அத உன் புருசன்கிட்ட கேளு. தனபாக்கியம் உன் மாமனாருக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி. அவ பொண்ணுன்னு ஆனா நீ செல்வனுக்கு அத்த மவளாயிடுற. மொறையும் சரியா வருது பாரு."

முறை சரியாக வந்துவிட்டதாம். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அதில் முறை பார்க்கிறார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்தச் சின்ன மண்டபத்தை அரை நாளுக்கு எடுத்திருந்தார்கள். ஏழாம் மாத வளைகாப்பு. வெளியே மேடையில் தெர்மாகோலில் ஒரு அரண்மனை நின்றது. இரண்டு கோபுரம், நடுவில் வளைவு, அதற்குள் கயல்விழி உட்கார ஒரு சிம்மாசனம். மாமனார் சுப்பராயலுவின் யோசனை அது. 'நம்ம வூட்டுக் கதைக்கு அதுதான் பொருத்தம்' என்று டெக்கரேஷன்காரரிடம் அவரே சொல்லி வைத்தது.

அவர் சொன்ன அந்தக் கதையைத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் செந்தமிழ்ச்செல்வன் ஒரு செருப்பைத் தொலைத்தான். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கு வீதிக் கடை ஒன்றில் ஏறினான். அங்கே விற்பனைப் பெண்ணாக இருந்த கயல்விழி குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அவன் காலுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் ஐயா ஏழு ஜோடி செருப்பு வாங்கினார். எட்டாவது தடவை செருப்பு வேண்டாம், நீதான் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு சைதுன் பீவி மத்தியான நேரத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த எட்டாவது தடவ என்னா சொன்னாரு, இன்னொருக்கா சொல்லேன்" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். டிவி சீரியலில் கூட இப்படி வராது என்பாள். கேட்கிற எல்லோருக்கும் கண் மின்னும். ஏழைப் பெண்ணை ராஜகுமாரன் வந்து அழைத்துப்போகிற கதைக்கு எத்தனை வயதானாலும் ஆள் இருக்கிறது.

இந்தக் கதையில் பெண்ணுக்குத் தாய் தகப்பன் கிடையாது. கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்த அநாதை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இந்தக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு பொய்தான் தேவைப்பட்டது. சுப்பராயலு மகனிடம் வைத்த நிபந்தனை அது. "பொண்ணு வரலாம். அவ காலனி வரக் கூடாது. அப்பன் ஆத்தா இல்லன்னு சொல்லிடணும். இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியாது." தாம் நிறையவே இறங்கி வந்துவிட்டதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். ரிசப்ஷனில், அநாதைக்கு வாழ்வு கொடுத்த வள்ளல் என்று சாதிச் சங்கத்துக்காரர்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரும் கூச்சப்படாமல் குனிந்து வாங்கிக்கொண்டார்.

கயல்விழியும் அந்தப் பொய்க்குத் தலையாட்டினவள்தான். அதை இங்கே மறைக்க வேண்டாம். "ரெண்டு வருசம் பொறு கயலு. ஒரு புள்ள வந்துட்டா அம்மா மனசு மாறிடும். நானே போயி அவுங்கள அழைச்சிட்டு வரேன்" என்று செல்வன் கையைப் பிடித்துச் சொன்னபோது அவள் நம்பினாள். போனில் அம்மாவின் எண்ணை 'லேடீஸ் டெய்லர்' என்று மாற்றி வைத்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கோயிலுக்கென்று சிதம்பரம் போய், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அம்மாவைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவாகப் போன் செய்யக் கூடாது, இவள்தான் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு.

வளைகாப்பு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். முதல் வளையலைத் தாய் வீட்டுக் கைதான் போட வேண்டும். ஊரில் எந்த சாதிக்கும் இதில் இரண்டு பேச்சு கிடையாது. "மத்ததெல்லாம் விட்டுக்குடுத்துட்டேன். இத விட மாட்டேன்" என்று அவள் சொன்னதற்கு செல்வன் சம்மதித்தான். போன ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கீரப்பாளையம் போனான். சாயங்காலம் திரும்பி வந்து, "சொல்லிட்டேன். அவுங்களுக்கு அவ்ளோ சந்தோசம்" என்றான். அன்றைக்கு இவளுக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது. அந்த வாரம் முழுக்க வீட்டில் சொந்தக்காரர்கள் வந்துபோய்க்கொண்டிருந்ததில் அம்மாவுக்குப் போன் செய்யத் தனியாக நேரம் வாய்க்கவில்லை.

இப்போது அவனை ஆள் விட்டு அழைத்தாள். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். புஷ்பவள்ளி பூக்கூடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

"எங்கம்மா எங்கங்க?"

"அது... உங்கப்பாவுக்கு ராத்திரிலேர்ந்து ஜொரமாம் கயலு. போன் வந்துது. இந்த நேரத்துல உங்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன்." அவன் அவளுடைய ஜிமிக்கியைப் பார்த்துப் பேசினான். "நீ டென்சன் ஆவாத. அடுத்த வாரம் நாமளே போயி பாத்துட்டு வரலாம்."

அவன் போன பிறகு கயல்விழி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். டெய்லருக்குப் போன் செய்தாள்.

"என்னா கண்ணு, வளையலு போட்டுட்டாங்களா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அப்பாவுக்கு ஜொரமாம்மா?"

"யாரு சொன்னா? குண்டுக்கல்லாட்டம் இருக்காரு. ஆட்டுக்குத் தழை ஒடைக்கப் போயிருக்காரு."

"அப்ப ஏம்மா நீங்க வரல?"

கொளஞ்சியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னாடி இப்பிடிக் கேக்குற? நீதான வர வேணாம்னு சொல்லியனுப்பிச்ச?"

"நானா?"

"மாப்ள வந்து நம்ம வூட்டுப் பாயில ஒக்காந்து, சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாருடி. எவ்ளோ தன்மையான மனுசன். 'கயலு ரெண்டு நாளா அழுவுது அத்த. நீங்க அங்க வந்து நின்னா சொந்தக்காரங்க முன்னாடி அதுக்கு அசிங்கமா இருக்குமாம். உங்க மூஞ்சப் பாத்து சொல்ல முடியாம என்ன அனுப்பிச்சிது'ன்னாரு. மொதல்ல எனக்கு நெஞ்சு அடச்சாப்புல ஆச்சி. அப்பறம் நெனச்சிப் பாத்தேன். நீ சொல்றதும் நாயந்தான. நான் வந்து நின்னு உன் பொழப்பக் கெடுக்கணுமா? நாலு டசன் வளையலு வாங்கி வச்சிருந்தேன். அத மட்டும் அவுருகிட்ட குடுத்தனுப்பிச்சேன். வந்துதா?"

கயல்விழிக்கு அழுகை வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாத கண்ணு. மை கலஞ்சிடும். நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். நீ ராணியாட்டம் இருக்குற, அது போதும் எனக்கு. வச்சிடட்டா?"

வைத்துவிட்டாள்.

அப்பாவின் கௌரவம் இடிக்கிறது என்று அவன் சொல்லியிருக்கலாம். அம்மா சம்மதிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு தைரியமில்லை அத்தை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, மனைவியின் வாயை எடுத்து அவளைப் பெற்றவளை அடித்துவிட்டு வந்திருக்கிறான். வந்து சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறான். ஒரு வாரமாக வயிற்றில் கை வைத்துக் குழந்தை உதைக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறான். கயல்விழி குழாயைத் திறந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தாள்.

செல்வன் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கம்மா குடுத்த வளையல் எங்க?"

"பைக் பெட்டில கெடக்கு" என்றான். உடனே, "கயலு, கத்தாத. வெளிய எல்லாரும் இருக்காங்க. எங்கம்மா ஒரேடியா முடியாதுன்னுட்டாங்க. வெசம் குடிச்சிடுவேன்னாங்க. நான் என்னா பண்ணுவேன்?"

"அத அப்பிடியே சொல்லிருக்கலாமுல்ல? நான் சொன்னேன்னு ஏன் சொன்னீங்க?"

"நான் சொன்னா உங்கம்மா என்னத் தப்பா நெனப்பாங்க. அவுங்க எம்மேல எவ்ளோ மரியாத வச்சிருக்காங்க! நீ சொன்னன்னா தாங்கிப்பாங்க. பெத்த மனசு, பொண்ணு மேல எத்தினி நாளைக்குக் கோவமா இருக்கப்போவுது?"

இதுதான் விஷயம். அவனுக்கு எல்லா வீட்டிலும் நல்லவனாக இருக்க வேண்டும். காலனியில் சொம்புத் தண்ணீர் குடித்த தங்கமான மாப்பிள்ளையாகவும் இருக்க வேண்டும்; கடலூரில் அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளையாகவும் இருக்க வேண்டும். நடுவில் பெண்டாட்டியை அவள் அம்மாவிடம் கல்நெஞ்சக்காரியாகக் காட்டினால் அவனுக்கு என்ன நஷ்டம்?

"நல்ல நேரம் முடியப்போவுது, பொண்ண அழைச்சிட்டு வாங்க!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

கயல்விழி போய் சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். முன்னால் ஏழு தட்டு. பூ, பழம், ஏழு வகைச் சோறு, சந்தனக் கிண்ணம், தட்டு நிறைய வளையல். வலப்பக்கம் தனபாக்கியம் புதுப்புடவையில், கையில் வேப்பங்காப்பை வைத்துக்கொண்டு. முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் கண்ணாடி வளையல் போடுவார்கள். மண்டபத்தில் நூறு நூற்றைம்பது பேர் இருந்தார்கள். முன் வரிசையில் சைதுன் பீவி பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கை ஆட்டினாள்.

வீடியோ எடுக்கிற அன்பரசு மைக்கோடு முன்னால் வந்தான். இந்தக் காலத்தில் வளைகாப்புக்கும் பேட்டி உண்டு. "அக்கா, வளையல் போடுறதுக்கு முன்னாடி உங்க லவ் ஸ்டோரிய உங்க வாயால ஒருவாட்டி சொல்லிடுங்க. கேமராவப் பாத்து."

"ஆமாமா, சொல்லச் சொல்லு! செருப்புக் கதைய சொல்லச் சொல்லு!" பெண்கள் பக்கம் சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. சுப்பராயலு துண்டை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமை அவருக்கும் சேர்ந்ததுதானே.

கயல்விழி மைக்கை வாங்கினாள். எப்போதும் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தாள். ஆருத்ரா கூட்டம், ஒற்றைச் செருப்பு, ஏழு ஜோடி. எட்டாவது தடவை வந்ததும் ஒரு சின்னப் பெண் விசில் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாரும் இது வரைக்குந்தான் கேட்டிருக்கீங்க" என்றாள் கயல்விழி. "இன்னும் கொஞ்சம் இருக்கு. அந்தப் பொண்ணு அநாத இல்ல. அதுக்கு அம்மா இருக்காங்க. கொளஞ்சியம்மா. அப்பா பேரு பக்கிரி. கீரப்பாளையம் காலனில இருக்காங்க. நடவு நட்டு, களை பறிச்சி என்னப் படிக்க வச்சாங்க. இது எங்க மாமனாருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். மொத வளையலு எங்கம்மா போடணும். அவுங்கள வரவிடாம பண்ணிட்டாங்க. இவ்ளோதான் கதை."

மைக்கை வளையல் தட்டிலேயே வைத்தாள். ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டது.

காலனி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. தனபாக்கியம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். வளையல் போடுவதற்காக வரிசையில் நின்ற பெண்கள், கையில் எடுத்த வளையல்களை ஒவ்வொருவராகத் தட்டில் திரும்ப வைத்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. கண்ணாடி வளையல்கள் தட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "காத்தால இவ கையாலதான காப்பி வாங்கிக் குடிச்சேன்" என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். ஒரு பெரியவர், "சொல்லிருந்தா வந்தே இருக்க மாட்டமேய்யா சுப்பராயலு" என்று செருப்பைத் தேடினார். இரண்டு வருடமாக இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் கண் கலங்கினவர்கள்தான் எல்லோரும்.

செல்வன் மேடைக்கு ஓடி வந்து குனிந்தான். "வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு கயலு. உன் கால்ல விழறேன். நான் உன்ன நெசமாத்தான காதலிச்சேன்?"

"நெசமாத்தான் காதலிச்சீங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்புகிற பெண் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு அந்த ஒரு சடங்கையாவது கயல்விழி குறையில்லாமல் செய்தாள்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். செம்மங்குப்பம் வந்தபோது காற்றில் கெமிக்கல் வாடை அடித்தது. செல்வன் வேலை பார்க்கிற கம்பெனி அங்கேதான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவன் சட்டையில் இந்த வாடை இருந்தால்கூட அவளுக்குப் பிடிக்கும். இப்போது புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது சைதுன் பீவியின் போன் வந்தது. ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தாள்.

"ஏம்மா கயலு, நீ பண்ணது உனக்கே நல்லாருக்கா? அந்தப் புள்ள உன்ன எப்பிடி வச்சிருந்துச்சி! எங்க இருந்து வந்தன்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிருக்க வேணாமா?"

"அவருக்குத் தெரியும் பீவிம்மா. எங்க வூட்டுக்கே வந்திருக்காரு."

"தெரியாதுங்குறாரே! உன் மாமனாரு மைக்க புடிச்சி, 'எம் புள்ளைய ஏமாத்திட்டா, எங்கள எல்லாம் ஏமாத்திட்டா'ன்னு அழுவுறாரு. செல்வன் தலையக் குனிஞ்சிக்கிட்டு ஆமான்னு நிக்குது. பாக்கவே பாவமா இருக்கு. எல்லாப் பொம்பளைங்களும் அந்தப் புள்ளைக்காவ அழுவுறாங்க."

கயல்விழி போனை அணைத்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கதையைச் சரிசெய்துவிட்டார்கள். ராஜகுமாரன் ராஜகுமாரனாகவே இருக்கிறான், முன்னைவிட ஒரு படி அழகாக, கண்ணீரோடு. பெண்தான் சூனியக்காரியாகிவிட்டாள். அவனும் தலையை ஆட்டிவிட்டான். இவள் பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் அழுது தீர்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சிதம்பரத்தில் இறங்கி புவனகிரி பஸ் பிடித்து, கீரப்பாளையத்தில் அவள் இறங்கியபோது மத்தியானம் இரண்டு மணி. கொளஞ்சியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில், சந்தனம் பூசாத கன்னத்தோடு, பிள்ளைத்தாய்ச்சி மகள் தனியாக வந்து நிற்பதைப் பார்த்ததும் முறம் கையிலிருந்து நழுவியது.

"அய்யோ, கையி மூளியா இருக்குதே! என்னாடி பண்ணிட்டு வந்த?"

கயல்விழி சொன்னாள். கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்துட்டியே! நல்ல வாழ்வக் கெடுத்துட்டியே! நானாடி கேட்டேன், வளையலு போடணும்னு? இப்பவே திரும்பிப் போயிடு கண்ணு. உங்கப்பன அழைச்சிட்டு வரேன், கால்ல விழுந்தாவது..."

"அம்மா, நான் அப்பிடிச் சொல்லல."

"என்னாத்த?"

"நீ வந்தா எனக்கு அசிங்கம்னு நான் சொல்லல. அவரா சொன்னது. ரெண்டு வருசமா உன்ன டீக்கடைல வச்சிப் பாத்துட்டு ஓடினவதான் நானு. அது என் தப்பு. ஆனா இத நான் சொல்லலம்மா."

கொளஞ்சியம்மாள் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "சொல்லலியா?" என்றாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நெசமா நீ சொல்லலியாடி?" என்று மறுபடி கேட்டாள். அது நியாயம்தான், நீ ராணியாட்டம் இருப்பது போதும் என்று காலையில் போனில் சொன்னவள், ஒரு வாரமாக உள்ளே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதாள். இனி மகளைத் திரும்பிப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அழுது முடித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கடைக்குப் போய் இரண்டு டசன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். பச்சையும் சிவப்பும்தான் இருந்தன. சேதி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி வேப்பங்கொழுந்தை ஒடித்து வளைத்துக் காப்பு கட்டினாள். ஒருத்தி புளிச்சோறு எடுத்து வந்தாள். கூட்டத்தில் பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கொளஞ்சியம்மாள் வாயால் அந்தச் செருப்புக் கதையை இங்கேயும் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அவள் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, மாமா பின்னாடி கார்ல வராரா?"

கொளஞ்சியம்மாள் அவசரமாக, "வருவாரு, நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வர மாட்டாரு" என்றாள் கயல்விழி. "வந்தாலும் நான் போவல. நீ போடும்மா."

வலது கையை நீட்டினாள். வெய்யிலில் வந்ததில் விரல்கள் வீங்கியிருந்தன. கொளஞ்சியம்மாள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, காப்பை முதலில் ஏற்றிவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.